அரை வசனம் வாசித்தவள்

மைனி,

நேற்று முட்டுவலித் தைலம் வாங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஆளுக்காகக் கடைக்காரர் யூகலிப்டஸ் எண்ணெய்க் குப்பி ஒன்றைத் திறந்து காட்டினார். அந்த வாசனை மூக்கில் ஏறிய நொடியில் என் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்துவிட்டது. எண்பது தாண்டிய கிழவி இப்படியும் பேசுவாளா என்று கடைக்காரர் திகைத்துப் பார்த்தார். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என் கையைக் கிள்ளியிருப்பீர்கள். அடக்கமாட்டாமல் சிரித்தும் இருப்பீர்கள்.

யாருடைய வாசனை அது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை நான் வைத்துவிட்டுப் போனால் பின்னால் எடுத்துப் படிக்கிற பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து உங்களிடம் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொச்சியில், கொச்சங்காடியில் சுக்கும் மிளகும் அடுக்கிவைத்த ஒரு கிட்டங்கியின் மாடியில்தான் நம் ஜெபவீடு இருந்தது. பலகைத் தளத்தின் இடுக்கு வழியாக மிளகுத் தூசி எந்நேரமும் மேலே ஏறி வரும். சபையை நடத்திய மேய்ப்பருக்கு அந்தத் தூசி ஆகாது. யூகலிப்டஸ் எண்ணெயில் நனைத்த வெள்ளைக் கைக்குட்டையை மூக்கில் ஒற்றி ஒற்றித்தான் பிரசங்கம் செய்வார். பிரசங்கம் என்னவென்றால், மருந்து தொடுவது தேவன்மேல் நம்பிக்கை இல்லாத செயல் என்பது. எண்ணெயை மூக்கில் வைத்துக்கொண்டே இதைச் சொல்வார். நாங்கள் நாற்பது குடும்பத்தார் கீழே பாய்களில் உட்கார்ந்து ஆமென் சொல்வோம்.

அந்த ஆளை 'அவன்' என்று எழுதத்தான் எனக்குக் கை வருகிறது. "வயசுக்காவது மரியாத குடு பிள்ளே" என்பீர்கள். உங்களுக்காக 'அவர்' என்றே எழுதுகிறேன்.

அந்த நாற்பது குடும்பங்களும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவை. ஆண்கள் மூட்டை சுமந்தார்கள், பெண்கள் சுக்குப் புடைத்தார்கள். பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்கூடம் போனார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்தைக் கண்டால் அவர்களுக்குத் தலையும் வாலும் புரியாது. நீங்களே மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவர். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பீர்கள், மலையாளம் என்றால் தண்ணீர் மாதிரி ஓடும். மேய்ப்பருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் சபையில் தமிழ் வேதம் மட்டும் என்று சட்டம் போட்டார். மலையாள வேதத்தை வீட்டில் வைத்திருக்கிறவன் இரண்டு எஜமான்களுக்கு வேலை செய்கிறவன் என்று அதற்கும் ஒரு வசனத்தை இழுத்துப் பொருத்திவிட்டார். பேதுருவின் கையில் பரலோகத்தின் சாவியைக் கொடுத்த இடம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தச் சாவி கைமாறிக் கைமாறி இப்போது தம்மிடம் இருப்பதாக, கொஞ்சமும் கூச்சமில்லாமல், வேட்டி மடிப்பைத் தட்டிக்காட்டிச் சொல்வார்.

ஐம்பதுகளின் கடைசியில், அம்மா இறந்த பிறகு, நான் அண்ணனும் நீங்களும் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எனக்குப் பதினெட்டு, உங்களுக்கு இருபத்தொன்று. அண்ணன் கிட்டங்கியில் மேஸ்திரி, சபையில் மூப்பர். நான் ஊரில் எட்டாவது வரை படித்தவள், குரலும் கணீரென்று இருக்கும். வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே மேய்ப்பர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இந்தப் பிள்ளையின் குரலில் அபிஷேகம் இருக்கிறது. இனி இவள் வாசிக்கட்டும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெண் சபையில் வாய் திறக்கக் கூடாது என்று சொன்ன அதே ஆள், தம் விரல் அசைவுக்கு மட்டும் ஒரு பெண் வாய் திறக்கலாம் என்று வைத்துக்கொண்டார். அவர் அதிகாரமும் வசன எண்ணும் சொல்வார். நான் எழுந்து வாசிப்பேன். அவருக்கு வேண்டியது வந்ததும் சுட்டுவிரலைத் தூக்கி, "போதும்" என்பார். நான் நிறுத்திவிடுவேன். முற்றுப்புள்ளி வரை அவர் என்னைப் போகவிட்ட ஞாயிறு எனக்கு நினைவில்லை.

இதை முதலில் கவனித்தவர் நீங்கள். அடுக்களையில் மத்தி கழுவிக்கொண்டே கேட்டீர்கள்.

"அவரு போதும்னு சொன்ன எடத்துக்குப் பெறகு என்ன இருந்துச்சு பிள்ளே?"

"கவனிக்கல மைனி."

"கண்ணு முன்னால இருக்கதக் கவனிக்கலியா?"

அவ்வளவுதான். நீங்கள் மீனுக்குத் திரும்பிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது. நான் பெரிய வாசிப்புக்காரி, நீங்கள் எழுத்துக்கூட்டுகிறவர், என்னைக் கேள்வி கேட்கிறீர்களே என்று.

தாவீது அண்ணாச்சி அண்ணனின் கிட்டங்கியில்தான் மூட்டை சுமந்தார். மனைவி அன்னம்மா, ஒரே மகள் எஸ்தர். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு மழைக்காலத்தில் எஸ்தருக்குத் தொண்டை அடைத்து, காய்ச்சல் ஏறி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மேய்ப்பர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் ஜெபம் பலிக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. நீங்கள் பார்க்கப் போனீர்கள், நானும் கூட வந்தேன்.

"என்ன அண்ணாச்சி, பிள்ளையப் பாத்துட்டே நிக்கிய?"

"ஐயா கூடாதுன்னுட்டாரே தாயி."

"ஐயாவா பெத்தாரு? தூக்குங்க. நான் கூட வாறேன்."

அரிசி மூட்டையைத் தூக்குகிற மாதிரியே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் போட் ஜெட்டிக்கு ஓடினார். நீங்களும் அன்னம்மாவும் பின்னால் ஓடினீர்கள். போட்டில் காயலைக் கடந்து எறணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். நான் படகுத்துறையிலேயே நின்றுவிட்டேன். மேய்ப்பருக்குத் தெரிந்தால் என்னை வாசிக்கவிடமாட்டார் என்பதுதான் அப்போது என் கவலை. நன்றாகக் கேளுங்கள் மைனி, ஒரு பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது என் கவலை அதுவாக இருந்தது.

எஸ்தர் பிழைத்தாள். மூன்றாவது வாரம், இன்னும் மெலிந்த கழுத்தோடு, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஜெபவீட்டுக்கு வந்தாள். மேய்ப்பர் தாவீது அண்ணாச்சியை முன்னால் கூப்பிட்டு, பாவம் செய்தேன் என்று சபை முன்பு சொல்லச் சொன்னார்.

அண்ணாச்சி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எம் பிள்ள பொழச்சது பாவமா ஐயா?"

"கீழ்ப்படியாமல் போனது பாவம்."

"யாருக்குக் கீழ்ப்படியாம?"

"தேவனுக்கு."

"தேவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. நீங்கதான சொன்னீங்க?"

அந்த ஒரு கேள்விக்காக அவரைச் சபையைவிட்டுத் தள்ளினார்கள். மேய்ப்பர் எண் சொன்னார், நான் எழுந்து வாசித்தேன். அப்படிப்பட்டவனோடு சேர்ந்து சாப்பிடவும் கூடாது என்று வருகிற வாலை மட்டும் வாசிக்கவைத்தார். யாரோடு சாப்பிடக் கூடாது என்பது அதே வசனத்தில் முந்தின வரியில்தான் இருக்கிறது. அடுத்தவன் பொருளைப் பறிக்கிறவன், பழி தூற்றுகிறவன், குடித்து ஆடுகிறவன் என்று ஒரு பட்டியல். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன தகப்பன் அந்தப் பட்டியலில் இல்லை. என் விரலுக்கு மேலேதான் அந்த வரி கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். இந்த முறை 'கவனிக்கவில்லை' என்று உங்களிடம்கூடச் சொல்ல முடியாது.

ஐந்தாறு மாதம் கழித்து, கிட்டங்கியில் மூட்டை அடுக்கு சரிந்து தாவீது அண்ணாச்சி செத்துப்போனார். அண்ணன் கண்ணெதிரே நடந்தது. அன்று வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மேய்ப்பர் சொல்லியனுப்பினார்: தேவனை ஏமாற்றி அப்போஸ்தலர் காலடியில் விழுந்து செத்தார்களே ஒரு புருஷனும் பெண்டாட்டியும், அந்த நியாயத்தீர்ப்புதான் இது. சபையின் கல்லறைத் துண்டில் இடம் கிடையாது. யாரும் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது.

யாரும் போகவில்லை. நாற்பது குடும்பம், மைனி. ஒரே ஊர்ப் பேச்சு, ஒரே வேலை, ஒரே பாய். ஒருத்தரும் போகவில்லை. நான் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். அவரோடு மூட்டை தூக்கிய நாலு பேர் பெட்டியைச் சுமந்து போனார்கள். அந்த நாலு பேரில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. பின்னால் அன்னம்மா, எஸ்தர். அவர்களுக்குப் பின்னால், கையில் உங்கள் மலையாள வேதத்தோடு நீங்கள்.

நகரசபைச் சுடுகாட்டு ஓரத்தில் குழி வெட்டினார்களாம். பெட்டியை இறக்கியதும் நாலு பேரும் உங்களையே பார்த்தார்களாம். உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. பெண்கள் அடக்க ஆராதனை நடத்தி நீங்கள் பார்த்தா இருந்தீர்கள்? திறந்து வாசித்தீர்கள். திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னதும் அதுதான். "வாசிச்சேன். மண்ணள்ளிப் போட்டேன். வேற என்ன செய்ய?"

அடுத்த ஞாயிறு உங்கள் முறை.

மேய்ப்பர் அன்று கூடுதலாக எண்ணெய் நனைத்திருந்தார், மாடி முழுக்க அந்த வாசனைதான். முதலில் அண்ணனைப் பிடித்தார். தன் வீட்டை அடக்கத் தெரியாதவன் சபையை எப்படி நடத்துவான் என்று ஒரு வசனத்தை அவன் முகத்தில் வீசினார். அண்ணன் தலை குனிந்தது. பிறகு உங்களைப் பார்த்து, "ஆசாரியனின் வேலையை ஒரு பெண்பிள்ளை கையில் எடுத்தாள். அபிஷேகம் பெற்றவனை எதிர்ப்பவளுக்கு என்ன கதி? வாசி, மகளே" என்று எனக்குச் சங்கீதத்தில் ஒரு எண் சொன்னார்.

நான் வாசித்தேன். தேவன் அபிஷேகம் செய்தவர்களைத் தொடக் கூடாது, அவருடைய தீர்க்கதரிசிகளுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்கிற இடம்.

"போதும்."

நீங்கள் எழுந்து நின்றீர்கள். மேய்ப்பரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தீர்கள்.

"மூணு வரி மேல இருந்து வாசி பிள்ளே."

புத்தகம் என் கையில் திறந்தே இருந்தது. மூன்று வரி. கண்ணை உயர்த்தினால் போதும். நான் மேய்ப்பரின் விரலைப் பார்த்தேன். அது இறங்கவில்லை. நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

உங்கள் முகத்தில் கோபம் வரவில்லை. ஒரு தலையசைப்பு, சரி என்கிற மாதிரி. அப்புறம் முந்தானைக்குள்ளிருந்து உங்கள் மலையாள வேதத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி, அதே இடத்தைக் கொஞ்சம் மேலே தொடங்கி வாசித்தீர்கள்.

அந்த அபிஷேகம் பெற்றவர்கள் கொஞ்சம் பேராய் இருந்தார்களாம். அந்த நாட்டில் அந்நியராய் இருந்தார்களாம். ஒரு தேசம் விட்டு இன்னொரு தேசம், ஒரு ஜனத்தை விட்டு இன்னொரு ஜனம் என்று அலைந்தார்களாம். அவர்களை ஒடுக்க வந்த ராஜாக்களைக் கடிந்துதான் தேவன் அப்படிச் சொன்னாராம், இவர்களைத் தொடாதீர்கள் என்று. நாற்காலியில் இருக்கிறவனைக் காப்பாற்ற வந்த பேச்சே இல்லை அது. நாற்காலியில் இருக்கிறவனிடமிருந்து, போக்கிடமில்லாமல் அலைகிறவர்களைக் காப்பாற்ற வந்த பேச்சு.

பின்வரிசையில் இருந்த இளவட்டங்கள் தலை நிமிர்ந்தார்கள். இத்தனை வருஷம் தமிழில் காதைக் கடந்து போனது அன்றுதான் அவர்களுக்குள் இறங்கியது. ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் வாய்விட்டே சொன்னான்: "எடா, இது நம்மளக்குறிச்சல்லே சொல்லியிருக்கு, நம்மளப் பத்தி!"

மேய்ப்பர் மேசையைத் தட்டினார். "நிறுத்து! மலையாள வேதம் இங்கே வேண்டாம். தேவன் இந்தச் சபையோடு தமிழில்தான் பேசுகிறார்."

"ஏன் ஐயா, தேவனுக்கு மலையாளம் தெரியாதா?"

நீங்கள் கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டீர்கள். யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மேய்ப்பரின் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது. தேவனுடைய வாய் தாம்தான் என்று சொல்லிக்கொண்டவருக்கு அப்போது தும்மல் வந்தது. அடுத்தடுத்து நாலு தும்மல். கைக்குட்டையைத் தேடிக்கொண்டே உங்களைச் சபையைவிட்டுத் தள்ளிவைப்பதாக அறிவித்தார்.

நீங்கள் படியிறங்கினீர்கள். உங்களோடு ஐந்து இளவட்டங்கள் எழுந்து போனார்கள். அண்ணன் எழவில்லை. நானும் எழவில்லை. நாங்கள் கடைசி ஜெபம் வரைக்கும் இருந்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

மதியம் நாங்கள் வீட்டுக்கு வந்தபோது சோறு வடித்து, மீன்குழம்பு வைத்து, இரண்டு தட்டுப் போட்டிருந்தீர்கள். உங்கள் தட்டு அதில் இல்லை. தள்ளிவைக்கப்பட்டவளோடு சேர்ந்து சாப்பிடக் கூடாது என்பது இப்போது எங்களுக்கும் சட்டம். நாங்கள் அதை எப்படிக் கடப்பது என்று வழி முழுக்க ஒருவரையொருவர் பார்க்காமல் யோசித்து வந்தோம். நீங்கள் எங்களுக்கு அந்தச் சங்கடத்தையும் மிச்சம் வைக்கவில்லை.

"உக்காருங்க. எனக்குப் பின்னால காத்து நல்லா வருது" என்று சொல்லி, உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பின்படிக்குப் போய்விட்டீர்கள்.

நாங்கள் உட்கார்ந்தோம். நீங்கள் வைத்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டோம். ருசியாகவும் இருந்தது. ஆறு மாதம் மைனி, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, உங்கள் அடுப்பு, உங்கள் சோறு, உங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு நாங்கள் உள்ளே தின்றோம். ஞாயிறுகளில் நான் எழுந்து நின்று அரை வசனம் வாசித்தேன். அந்த ஆளை நான் இகழ்வது பெரிய விஷயமில்லை. இகழத்தக்க ஆள்தான். ஆனால் அவர் நம் வீட்டு அடுக்களைக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. உங்களைப் பின்படியில் உட்காரவைத்தது நாங்கள்.

எந்த நாள் என்று சரியாக நினைவில்லை. கப்பைக்கிழங்கும் மீனும் வைத்திருந்தீர்கள். பின்படியில் நீங்கள் இருமுகிற சத்தம் கேட்டது, மிளகாய் ஏறியிருக்கும். உங்களுக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுக்கலாமா, அதுவும் சேர்ந்து சாப்பிடுவதில் வருமா என்று என் மனம் கணக்குப் பார்த்தது. அப்படிப் பார்த்த என்னையே எனக்குக் காணச் சகிக்கவில்லை. தட்டையும் செம்பையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நீங்கள் தண்ணீர் குடித்தீர்கள். என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு பிள்ளே. அங்கன எறும்பு இருக்கு."

கொஞ்ச நேரத்தில் அண்ணன் தட்டோடு கதவுவரை வந்து, உட்காரவும் தெரியாமல் திரும்பவும் தெரியாமல், நிலைப்படியில் நின்றுகொண்டே தின்றான். மறுநாள் அவனும் உட்கார்ந்தான். அந்த ஞாயிறு நாங்கள் இருவரும் கொச்சங்காடிப் பக்கம் போகவில்லை. எங்களையும் தள்ளிவைத்ததாகச் செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. அண்ணன் சாயா குடித்துக்கொண்டே அதைக் கேட்டு, "சீனி கொஞ்சம் போடு" என்றான்.

நம் முன்னறையில் ஞாயிறு மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். மேய்ப்பர் கிடையாது. ஒவ்வொரு வாரம் ஒவ்வொருவர் வாசிக்க வேண்டும், அதிகாரம் முழுசாக. என் முறை வந்தபோதுதான் எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எஸ்தர்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். தப்பாக எழுதினால் சிலேட்டைப் பிடுங்கி அழித்துவிடுவாள், அவ்வளவு கண்டிப்பு. அவளுடைய அப்பாவுக்கு எதிராக வாசித்த வாய் என்னுடையது என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் நான் அந்தப் பேச்சை எடுத்தபோது, "அக்கா, முதல்ல இந்த அக்ஷரம் சரியாக்கு" என்று சிலேட்டை நீட்டினாள்.

மேய்ப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைப் படிக்கிற பேரப்பிள்ளைகள் அவர்மேல் இடி விழுந்தது என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்கள். சபை பெருகியது. கிட்டங்கி மாடியை விட்டு ஓட்டுக் கூரைபோட்ட பெரிய கட்டிடத்துக்குப் போனார். வயதாகி நெஞ்சுவலி வந்தபோது, எஸ்தரைக் கொண்டுபோகக் கூடாது என்று தடுத்த அதே ஆஸ்பத்திரியில், டாக்டர்கள் சுற்றி நிற்க, ஊசியும் மருந்துமாக மூன்று வாரம் கிடந்து செத்தார். அந்த மூன்று வாரமும் மருந்தைப் பற்றி அவருக்கு ஒரு வசனமும் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. அடக்கத்துக்குப் பெருங்கூட்டம். நீங்கள் போகலாமா என்று கேட்டீர்கள். நான் போகமாட்டேன் என்றேன். நீங்கள் தனியாகப் போய்வந்து, காலைக் கழுவிவிட்டு, உலை வைத்தீர்கள்.

உங்கள் சாவுக்கு முந்தின வருஷங்களில் நீங்கள் படுக்கையில் இருந்தபோது ஒரு நாள் நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் கண்ணை மூடியபடியே சொன்னீர்கள்: "அவருக்கு நம்மளவிட்டா ஏது பிள்ளே பெலம்? நாம வாயடச்சு இருந்தோம், அவரு பேசுனாரு."

எனக்கு அது போதவில்லை. உங்களைப் போல மன்னிக்க எனக்கு வரவில்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை. வேதத்தைக் கையில் எடுத்து, தேவன் எனக்குமட்டும் சொன்னார் என்று எவன் ஆரம்பித்தாலும் எனக்குக் காறித் துப்பத்தான் தோன்றுகிறது. அந்த இளக்காரம் என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது என்று சொன்னால், அதுவும் பாதியோடு நிறுத்துவதுதான். தாவீது அண்ணாச்சியைத் தள்ளிய வசனம் மேய்ப்பரின் தொண்டையிலிருந்து வரவில்லை. உங்களைத் தள்ளிய வசனமும் வரவில்லை. இரண்டும் கணீரென்ற என் குரலில்தான் அந்த மாடியில் கேட்டன.

அந்தக் குரல்தான் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது, மைனி. வேறு குரல் இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் ஜெபிக்கிறேன், அதை வைத்துக்கொண்டுதான் உங்களைக் கூப்பிடுகிறேன்.